உன் தாத்தா போன வழியில் ஒரு ஏசி

பெங்கல் புயல் நம்மூர்ப் பக்கம் கரையேறி உப்பளத்தையெல்லாம் ஒரே ஏரியாக்கிவிட்டுப் போன மறு வருசம், பொங்கல் கழிந்தும் தண்ணீர் வடியாமல் பாத்தி மிதிக்க வழியில்லாமல் ஆட்கள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த வருசம், கீழ்புத்துப்பட்டு ஐயனாருக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பிய நம் தெரு வேன் ஈசிஆர் ஓரத்து மணலில் புதைந்துபோய் அங்கேயே அடுப்பு மூட்டிப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய வருசம், அந்த வருசத்துச் சித்திரையில்தான் நம் வீட்டுக்கு ஏசி வந்தது. எனக்குத் தேதி தெரியாது, இப்படித்தான் தெரியும், நாளைக்கு உன் மகள் கேட்டால் நீயும் இப்படியே சொல்.

அன்பு மகன் அரவிந்தனுக்கு உன் அப்பன் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புவது. இங்கே நானும் உன் அம்மா ஜெயாவும் மூச்சோடு இருக்கிறோம், அவள் கூடுதலாகக் குளிர்ச்சியோடும் இருக்கிறாள். சார்ஜாவில் நீயும் மருமகளும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது முறை, ஆனால் நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள், நீ போனில் போடுகிற படத்தைத் தெருவே பார்க்கிறது, பெரிய கடைக்குள் ஐஸ் தரையில் பேத்தி வழுக்கி விளையாடுகிறது வரைக்கும் பார்த்தோம், அவளுக்குத் திருஷ்டி சுற்றிப் போடச் சொல். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ "சைட்ல இருக்கேம்பா, அப்பறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுகிறாய், கடுதாசியில் அப்படி வைக்கிறதற்குப் பட்டன் கிடையாது. இதைத் தாஜுதீன் மகன் முஜீப் ரஹ்மான் வெள்ளிக்கிழமை விமானத்தில் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பான், நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நில்லு என்றும் சொல்லியிருக்கிறேன், அவனுக்கு ஒரு டீயாவது கொடு. எழுதுகிறவள் பக்கத்து வீட்டு ராஜவேல் மகள் சத்யப்ரியா. நான் சொல்கிறதை அப்படியே எழுது என்றேன், "திட்டுறதையும் எழுதணுமா தாத்தா" என்று கேட்டாள், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு எழுதம்மா, அவனே நிரப்பிக்கொள்வான் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா மயங்கி விழுந்தாள் என்று உனக்குச் சொன்னோம், எங்கே விழுந்தாள் என்று சொல்லவில்லை. நீ கட்டினாயே முன்ஹால், அங்கேதான். சார்ஜாவில் பார்த்த மாதிரியே வேண்டும் என்று சுவர் அகலத்துக்குக் கண்ணாடி பதித்தாய், திறக்காத கண்ணாடி, ஏன்டா திறக்காது என்று கேட்டதற்கு "தூசி வராதுப்பா" என்றாய். தூசி வரவில்லை. காற்றும் வரவில்லை. வெயில் மட்டும் விருந்தாளி மாதிரி காலையில் வந்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருப்பதில்லை. உப்பளத்து வெளிச்சம் வேறு அந்தக் கண்ணாடியில் வந்து மோதும், அதில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே கீரை மேல் சாய்ந்துவிட்டாள். தொட்டால் கையைச் சுடுகிறது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா, சின்னப் பெண்தான், ஆனால் ஒளிக்காமல் சொன்னாள், "ஆயாவுக்கு வேர்க்கிறதே நின்னு போச்சி, சூடு உள்ளயே தங்குது. இன்னொரு வாட்டி இந்த மாதிரி ஆச்சின்னா எழுப்ப முடியாது. அக்னி நட்சத்திரம் முடியற வரைக்கும் சில்லுனு ஒரு ரூம்ல வையுங்க" என்றாள். அக்னி பிறக்க அப்போது அதிக நாள் இல்லை.

நீ உடனே ஏசி அனுப்பினாய், அதை நான் மறைக்கவில்லை, நல்ல பிள்ளைதான். கார்கோவில் வந்த பெட்டியைப் பிரித்தால் மேலே புலிப் படம் போட்ட கம்பளி. வேர்வை நின்று செத்துப் பிழைத்தவளுக்கு நீ முதலில் அனுப்பிய மருந்து கம்பளி. அதற்கடியில் ஜன்னலில் வைக்கிற ஏசி, ஏதோ கட்டடத்தில் கழற்றியதைத் துடைத்துப் பளபளவென்று அனுப்பியிருந்தாய். தெருவே கூடி நின்று பார்த்தது, நான் பெருமையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் ராஜவேல் மெதுவாகக் கேட்டான், "ஜன்னல் எங்க மாமா இருக்குது?" ஊர் உலகத்துக்கெல்லாம் ஏசி மாட்டுகிறவன் கட்டின வீட்டில் ஏசி வைக்க ஒரு ஜன்னல் இல்லை. முன்ஹாலில் திறக்காத கண்ணாடி, நடுவில் மாடிப்படி வாய் திறந்து கிடக்கிறது, எவ்வளவு குளிர் வைத்தாலும் அது படியேறி மொட்டை மாடிக்குப் போய்விடும், காக்காய்க்கு ஏசி வைத்த புண்ணியம் நமக்கு. கதவு சாத்தி அடைக்கக்கூடிய இடம் பழைய பின்னறை ஒன்றுதான். அதில் இருக்கிற ஒரே ஜன்னல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்குகிற அந்தக் கோணல் ஜன்னல்தான்.

உனக்கு அந்த ஜன்னலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் வழியாகக் குனிந்து வெளியே போய் ஊர் சுற்றிவிட்டு அதே வழியாகத் திரும்பி வந்து படுத்துக்கொண்டது மட்டும்தான். அது எப்படி வந்தது என்று நீயும் கேட்கவில்லை, வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்கிற விஷயம் இல்லை என்று நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது கேட்டுக்கொள். நம்மூரில் மின்சாரக் கம்பம் நட்டு, கம்பி இழுக்காமல் அதில் ஆடு கட்டிக்கொண்டிருந்த வருசம், தை மாதத்தில், உன் தாத்தா அந்தப் பின்னறையில் கண்ணை மூடினார். வயசான சாவுதான், ஆனால் அவிட்ட நட்சத்திரம். இரும்பை கிராமத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த பஞ்சாங்கக்காரர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு அடைப்பு என்று சொல்லிவிட்டார். அடைப்பில் செத்தவரை வாசல் வழியாக எடுக்கக்கூடாது, எடுத்தால் அந்த வீட்டில் அடுத்தடுத்து ஐந்து உயிர் போகும் என்பது நம் பக்கத்து வழக்கம், சுவரை இடித்து அந்த வழியாக எடுத்துவிட்டு அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். நம் பின்னறைக்கு அப்போது ஜன்னலே கிடையாது, உப்புக் காற்று வந்தால் நெல் நமுத்துப் போகும் என்று உன் தாத்தாவே வைக்கவிடவில்லை. உள்ளேயிருந்து என் அண்ணன் வெங்கடாசலம் இடித்தார், வெளியேயிருந்து தாஜுதீன் தன் கடையிலிருந்த கடப்பாரையால் இடித்தார், இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் இடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இடித்தார்கள், நடுவில் சந்தித்தபோது இருவருக்கும் ஒரு முழம் வித்தியாசம். அதனால்தான் அந்த ஓட்டை மேலே அகலம், கீழே குறுக்கம், ஒரு பக்கம் சாய்வு. ஆறு மாதம் கழித்துக் கதவைத் திறந்தபோது அறைக்குள் ஜிலுஜிலுவென்று காற்று, நமுத்த வாடையே இல்லை, எங்கள் அம்மா நடுவில் நின்று "உயிரோட இருந்தப்ப ஒரு ஜன்னல் வைக்க வுடல, செத்து வச்சிட்டுப் போயிருக்கான் மனுசன்" என்று சொல்லி, அடைக்க வந்த கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். தச்சு வேலை செய்த தட்சணாமூர்த்திதான் உடைந்த படகுப் பலகையில் அந்தக் கோணலுக்கே கோணலாக ஒரு சட்டம் செய்து வைத்தார்.

இந்த ஓட்டைக்கு முன்னால் கீழ்புத்துப்பட்டிலிருந்து உன் சிநேகிதன் புருஷோத்தமன் ஏசி மாட்ட வந்து நின்றான். சுற்றிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், உட்கார்ந்து பார்த்தான். "இது இன்னாது பெரியவரே, ஜன்னலா, ஆட்டுக் கொட்டாய் வாசலா?" என்றான். உன்னைப் போனில் கூப்பிட்டு ஓட்டையைக் காட்டினான், நீ அங்கேயிருந்து முகத்தைச் சுளித்தாய், நீ பிறந்து வளர்ந்த வீட்டு ஜன்னல் உனக்கு அசிங்கமாக இருந்தது. "மேல புதுசா ஒடச்சிடு புருசு, கீழ இருக்கிறத சிமெண்ட் போட்டு அடச்சிடு" என்றாய். புருஷோத்தமன் சுவரை ஒரு தட்டுத் தட்டினான், அரைக்கூடை மண் அவன் தலையில் கொட்டியது, "இதுல இன்னொரு ஓட்ட போட்டா மேல கூரையும் கீழ வந்துடும், அதே ஓட்டதான்" என்றான். சரி, அதிலேயே வைத்துச் சுற்றி சிமெண்ட் பூசி அடைத்துவிடு, குளிர் ஒழுகக்கூடாது என்று நீ உத்தரவு போட்டுவிட்டுப் போனை வைத்தாய். அப்போதுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள்.

அதுவரைக்கும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசற்படியில் சுருண்டு கிடந்தவள் எழுந்து வந்து, "ஏசி வையுங்க, நான் வேணான்னு சொல்லல. ஆனா அத அடைக்கக் கூடாது" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு என்னைப் பார்த்துச் சொல்கிறாள், "நீயும் நானும் மட்டுந்தான் இந்த வூட்ல இருக்கோம். ரெண்டு பேர்ல ஒருத்தர் அடைப்புல போயிட்டா எந்த வழியா எடுப்பாங்க? உம்மவன் கட்டுன கண்ணாடிய ஒடப்பாங்களா? அத ஒடச்சா அவன் வருத்தப்படுவான்." புருஷோத்தமன் சிரித்தான், "ஆயா, நீ நூறு வருசம் இருப்ப, மொதல்ல உள்ள போய்ப் படு" என்றான். அவள் சிரிக்கவில்லை. சிமெண்ட் பூசினால் அந்த அறைக்குள் காலை வைக்க மாட்டேன், இந்தப் படியிலேயே கிடக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. போனில் உன்னைப் பிடித்துச் சொன்னால் நீ, "இதெல்லாம் மூடநம்பிக்கப்பா, இந்தக் காலத்துல யாரு சொவர ஒடச்சி எடுக்குறாங்க, அம்மாவுக்குப் புரிய வையி" என்றாய். நீ காரில் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்ட படத்தை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அதைப் பற்றி இப்போது பேசவில்லை. ஐம்பது வருசம் குடித்தனம் செய்தவனுக்குப் புரிய வைக்க முடியாததை நீ போனில் புரிய வைக்கப் பார்த்தாய், அவள் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "சரிப்பா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முடிந்தது.

கடைசியில் சிமெண்ட் இல்லாமல் செய்வது என்று முடிவானது. சுற்றிலும் பலகையும் தெர்மாகோலும் வைத்து நாலு திருகில் நிற்கிற மாதிரி, வேண்டுமென்றால் கழற்றிவிடுகிற மாதிரி. "இது ஏசி இல்ல, பொட்டிக் கட, காலைல தொறந்து சாயங்காலம் மூடலாம்" என்று புருஷோத்தமன் முனகிக்கொண்டே கரண்டு லைன் இழுத்தான். வெளிப்பக்கம் அதைத் தாங்க ஒரு தாங்கு வேண்டும், இரும்பில் வைத்தால் இந்தக் காற்றில் துருவேறிவிடும் என்று பனஞ்சட்டத்தில் செய்கிற வேலையை ராஜவேல் எடுத்துக்கொண்டான். நீ அவனிடம் போனில் ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னாய், "அண்ணே, சரிமட்டமா வைக்காதீங்க, லேசா சாய்வு குடுங்க, தண்ணி போவணும்." எந்தப் பக்கம் என்று நீ சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. உப்பளத்தில் பிறந்தவனிடம் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டுமா, அவமானமாக நினைப்பான். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தான், கண்ணை இடுக்கிப் பார்த்தான், வாய்க்காலிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் விடுகிற அதே சாய்வு, நூல் பிடித்த மாதிரி அருமையாக வைத்தான், நானும் பார்த்துத் தலையாட்டினேன், எனக்கும் அது சரியாகத்தான் தெரிந்தது.

அக்னி பிறந்த அன்றைக்கு மத்தியானம் ஏசி ஓடியது. நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய கட்டிலில் உன் அம்மாவைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "ஏன்யா, இங்க வந்து பாரு, பாத்தி கட்டிட்டானுங்க" என்று சத்தம். போய்ப் பார்த்தால் அறை முழுக்கத் தண்ணீர், ஏசியின் தண்ணீரெல்லாம் ஒரு சொட்டு வெளியே போகாமல் உள்ளே வழிந்து, என் செருப்பு மிதக்கிறது. நான் ராஜவேலைப் பார்த்தேன். "சாய்வு குடுத்தேனே மாமா" என்றான். எந்தப் பக்கம் கொடுத்தாய் என்றேன். "உள்பக்கந்தான். நாலு பக்கமும் வரப்பு இருக்கிற எடத்துக்குத்தானே தண்ணிய திருப்புவோம், வெளியில வுட்டா வீணா போயிடாதா?" என்றான், முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. நாலு சுவர் அவன் கண்ணுக்கு நாலு வரப்பு, எனக்கும் அப்படித்தானே தெரிந்தது. அத்தோடு விட்டானா, குனிந்து ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணி மாமா. உப்பு வெளையாது" என்று தீர்ப்பும் சொன்னான். உன் அம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தாள் பார், விழுந்த நாளிலிருந்து அவள் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்ததில் அவள் நெற்றியில் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது. நான் யாருக்கும் சொல்லாமல் அதை மட்டும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் புருஷோத்தமன் வந்து பின்பக்கம் தாழ்த்தி வைத்தான், இப்போது தண்ணீர் ஒழுங்காக வெளியே சொட்டுகிறது, அதில் ராஜவேல் ஒரு துளசிச்செடி நட்டிருக்கிறான், வீணாகப் போவது அவனுக்கு ஆகவில்லை. இன்னொரு வேடிக்கை கேள். ஏசி தரையோரம் இருப்பதால் குளிரும் தரையோரமே படுத்துக்கொள்கிறது, கட்டில் உயரத்துக்கு எழுந்து வருவேனா என்கிறது. கட்டிலில் படுத்தால் முதுகு மட்டும் ஜில்லென்று வயிறு வேகிறது. ஆகவே உன் அம்மா பாயை விரித்துக் கீழே படுத்துக்கொண்டாள், கட்டிலின் மேல் அரிசி மூட்டையும் உன் புலிக் கம்பளியும் சுகமாக இருக்கின்றன. மத்தியானம் ஆனால் தெருப் பெண்கள் காய் நறுக்க முறத்தோடு வந்து அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துகொள்கிறார்கள், எனக்கு உள்ளே இடமில்லை. வெளிப்பக்கம் போய் நிற்கலாமென்றால் ஏசி வெளியே விடுகிற அனல் நேராக முழங்காலில் அடிக்கிறது. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது, அவள் ஒரு தரம்கூட மயங்கவில்லை, டாக்டரம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். உன் ஏசிக்கு அந்தப் பெருமை உண்டு. உனக்கும் கொஞ்சம் உண்டு.

இப்போது நான் இந்தக் கடுதாசி எழுதச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், முஜீப்பை உட்காரச் சொல். இந்த உப்புக் காற்றுக்கு அடிக்கடி ஏசியைக் கழற்றிப் பின்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் தகடெல்லாம் மாவாகக் கொட்டிவிடும் என்று புருஷோத்தமன் போன வாரம் வந்தான். நாலு திருகையும் கழற்றி, அவனும் ராஜவேலும் ஏசியைத் தூக்கி வெளியே வைத்தார்கள், நானும் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன், "நீ தள்ளு பெரியவரே" என்று சொல்லிவிட்டான். ஓட்டை பழையபடி திறந்து கிடந்தது, அதன் வழியாக உப்பளம் வெள்ளையாகத் தெரிந்தது. உன் அம்மா பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மாமாவ இதுல எப்பிடித்தான் எடுத்தீங்க, இவ்ளோ கோணலா இருக்குதே, இவங்களுக்குக் காட்டு" என்றாள். அவள் அப்போது கட்டிக்கொண்டு வந்த புதிது, உள்ளே பெண்களோடு இருந்தவள், பார்க்கவில்லை. நானும் சொன்னேன். தோளில் தூக்கி எடுக்க முடியாது, ஓட்டை தரையோரம் இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் மண்டி போட வேண்டும், வெளியே இரண்டு பேர் குந்த வேண்டும், கால்தான் முன்னால் போகும், கீழே குறுக்கமாக இருப்பதால் இடுப்பு தாண்டியதும் உடம்பை இடப்பக்கம் ஒருக்களிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் சிக்கிக்கொள்ளும், எங்களுக்குச் சிக்கியது, அப்போது இழுக்கக் கூடாது, உள்ளே இருக்கிறவன் தலையை ஏந்திக்கொண்டு கொஞ்சம் பின்வாங்கித் திரும்பத் தள்ள வேண்டும். இதையெல்லாம் நான் கையால் காட்டக் காட்ட ராஜவேல் தலையைச் சொறிந்துகொண்டு, "இடப்பக்கம்னா யாரோட இடப்பக்கம் மாமா?" என்றான். சாய்வு கேட்காதவன் இதைக் கேட்டான், திருந்திவிட்டான். நான் இரண்டாம் தரம் சொன்னேன், மூன்றாம் தரம் சொன்னேன். புருஷோத்தமன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்களுக்கு வராது. செத்தவரே எழுந்து டைரக்சன் சொன்னாத்தான் உண்டு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், உன் அம்மாவும் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவன் சொன்னது அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஆகையால் உனக்குச் சொல்வது இதுதான், நீ கிளம்பி வா. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறார்கள் என்று நினைத்துப் பதறாதே, அவள் நன்றாக இருக்கிறாள், நேற்றுக்கூட என்னை மூன்று வேளையும் திட்டினாள். நன்றாக இருப்பதால்தான் வரச் சொல்கிறேன். எப்படியானாலும் ஒருநாள் ஓடி வரத்தான் போகிறாய், விமான நிலையத்திலிருந்து அழுதுகொண்டே வண்டி பிடித்து வந்து, வந்த அவசரத்தில் எந்தத் திருகை முதலில் கழற்றுவது என்று புருஷோத்தமனுக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்பாய், ஐயோ பாவம் என்று ஊர் வேடிக்கை பார்க்கும். அதற்கு முன்னால் ஒரு தரம், சும்மா, யாரும் சாகாத ஒரு வாரத்தில் வந்து, உள்ளே மண்டி போட்டு உட்கார்ந்து பழகிக்கொள். ராஜவேல் வெளிப்பக்கம் குந்துவான், முஜீப் அடுத்த லீவுக்கு வரும்போது கூடப் பிடிப்பான், அவனே சொல்லிவிட்டான். சாகாத ஆள் ஒருத்தரைப் படுக்க வைத்துப் பழக வேண்டும், அதற்கு நான் படுத்துக்கொள்கிறேன், தோள் சிக்கினால் வாய் திறந்து சொல்வேன். லீவு இல்லை என்று சொல்லாதே. நீ இப்போது சூப்பர்வைசர், மற்றவனுக்கு லீவு கொடுக்கிறவன், உனக்கு நீயே கொடுத்துக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நாளெல்லாம் குளிரில் உட்கார்ந்து வெளியே வெயிலுக்கு ஓடாதே, மருமகளை அதட்டாதே, பேத்திக்குத் தமிழில் திட்டவாவது கற்றுக்கொடு. கீழ்புத்துப்பட்டு ஐயனார் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பான், உன் அம்மா நெற்றியில் வைக்கிற திருநீறு இதில் மடித்து வைத்திருக்கிறது, கொட்டிவிடாமல் எடுத்துப் பூசிக்கொள். மறந்துவிடாதே, இந்தக் காற்றுக்கு இரும்புத் திருகு தாங்காது, இப்போதே ஒன்று சுற்ற மாட்டேன் என்கிறது, துருப்பிடிக்காத திருகு நாலு கொண்டு வா, யாரிடமும் கொடுத்து அனுப்பாதே, நீயே கொண்டு வா. அந்த ஓட்டை வழியாக ஒரு ஆளை முழுசாக எடுக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நாலு பேர் இருந்தோம். உள்ளே என் பக்கத்தில் மண்டி போட்ட அண்ணன் வெங்கடாசலம், சுனாமிக்கு முந்தின வருசமே போய்விட்டார். வெளியே காலைப் பிடித்த தட்சணாமூர்த்தி, மகள் வீட்டில் போனார், நல்ல நட்சத்திரம், வாசல் வழியாகவே எடுத்தார்கள். அவர் பக்கத்தில் குந்தி, வேற்று மதத்துக்காரன் தொடலாமா என்று யாரோ கேட்டதற்கு "நீ வந்து புடிக்கிறியா அப்ப" என்று கேட்டு வாயை அடைத்த தாஜுதீன், இந்த நோன்பில் மௌத்தானார், அவர்கள் வழக்கத்தில் காத்திருக்க மாட்டார்கள், முஜீப் வந்து சேரும்போது மண் தள்ளி முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தோம், கேட்டுப் பார், எதிரில்தான் இருக்கிறான். மிச்சம் உயிரோடு இருக்கிறவன் ஒருத்தன்தான்.

சடையப்பன்